செயின்சா வேலையில் காயமும் பழுதும்: அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

பக்கத்தில் யாராவது ரத்தத்தோடு கிடக்கும்போது இதைத் திறந்திருந்தால், ‘ரத்தம் வருகிறது’ என்ற தலைப்புக்கு நேரே போங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் ஒரே காலையில் படுத்துவிட்டன. அதுவரை பம்புசெட்டும் மருந்தடிக்கும் மெஷினும் பழுது பார்த்துக்கொண்டிருந்த என் பட்டறைக்கு, அதற்கப்புறம்தான் மரம் அறுக்கும் செயின்சா வரிசையாக வர ஆரம்பித்தது. மெஷினைத் தூக்கி வந்தவர்களில் சிலருக்குக் கையில் கட்டு, சிலருக்குக் காலில் தையல். எப்படி ஆச்சு என்று கேட்பேன். “காலையிலிருந்தே செயின் நிக்காம ஓடிக்கிட்டிருந்துச்சு அண்ணே. இன்னும் நாலு மரம்தானேன்னு ஓட்டிட்டேன்.” ஆளுக்கு ஆள் வார்த்தை மாறும், விஷயம் மாறாது. வெட்டு விழுவதற்கு முன்னாலேயே மெஷினோ மரமோ ஏதாவது காட்டிக்கொடுத்திருக்கும். அதைப் பார்த்தும் வேலை நின்றிருக்காது. அதனால்தான் காயத்தையும் பழுதையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

## ரத்தம் வருகிறது

முதலில் மெஷினை அணையுங்கள். பதற்றத்தில் ஓடுகிற மெஷினைக் கீழே போட்டுவிட்டு அடிபட்டவரிடம் ஓடி, அதிலேயே இடறி விழுந்தவர் உண்டு.

### கசிந்து வருகிறது

செயின் கத்தி மாதிரி கோடாக வெட்டாது, சதையைப் பிய்த்து எடுக்கும். உள்ளே மரத்தூள், செயின் ஆயில், துணிநூல் எல்லாம் போயிருக்கும். குடிக்கிற தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியை வைத்து இறுக்கமாகக் கட்டுங்கள்.

அப்புறம் இரண்டே சோதனை. வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே உள்ள விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். விரல் நுனியைத் தொட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும், ஆனால் அன்றைக்கே போக வேண்டும். காயத்தைச் சுத்தம் செய்யாமல் மூடினால் சீழ் வைக்கும். டெட்டனஸ் தடுப்பு ஊசி (டிடி) எப்போது போட்டது என்று அங்கே கேட்பார்கள், நினைவில்லை என்றால் அதையே சொல்லுங்கள்.

காப்பித்தூள் வைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் இது இன்னும் ஓயவில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, பெட்ரோல் எதுவுமே வேண்டாம். தையல் போடும் முன் அத்தனையையும் சதையிலிருந்து சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அந்த வலியும் அடிபட்டவருக்குத்தான்.

### பீறிடுகிறது, அல்லது தரையில் தேங்குகிறது

கழுவ வேண்டாம், நேரமில்லை. ஆளைப் படுக்க வையுங்கள். தோளில் கிடக்கும் துண்டு, சட்டை, எது கையில் இருக்கிறதோ அதை மடித்து, காயத்தின் மேலேயே வைத்து, உங்கள் உடல் எடை இறங்குகிற மாதிரி உள்ளங்கையால் அமுக்குங்கள். காயம் குழியாக இருந்தால் துணியைக் குழிக்குள் திணித்துவிட்டு அமுக்குங்கள். அலறுவார், பரவாயில்லை.

எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நான் பார்த்ததில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். ரத்தம் உறைந்து அடைப்புக் கட்டும் நேரத்தில் துணியைத் தூக்கினால் எல்லாம் முதலிலிருந்து. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது.

அமுக்குகிறவர் போன் பேச வேண்டாம். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும், மூன்றாவது ஆள் மெயின் ரோட்டுக்குப் போய் நிற்கட்டும். காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தோப்புக்குள் எந்த வண்டிப்பாதை எங்கே திரும்புகிறது என்பது ஊர்க்காரருக்கே குழப்பம். வண்டி தேடிக்கொண்டு சுற்றினால் போகிற நிமிடம் திரும்பாது. ஆம்புலன்ஸ் வராத நிலை என்றால் குட்டியானை (சின்ன லோடு வண்டி) மாதிரி படுக்க வைக்கக்கூடிய வண்டியில் கொண்டுபோங்கள், வழியெல்லாம் ஒருவர் அமுக்கிக்கொண்டே வர வேண்டும். பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்தால் பாதி வழியில் மயங்கிச் சரிவார்.

### அமுக்கியும் நிற்கவில்லை: கை, கால்

இதற்கு மட்டும்தான் இறுக்குக் கட்டு. துண்டை மூன்று விரல் அகலத்துக்குப் பட்டையாக மடியுங்கள். கயிறு, கம்பி, வண்டி டியூப் கீற்று வேண்டாம். மெல்லியது சதையை அறுக்கும், உள்ளே ரத்தக்குழாயை அமுக்காது. காயத்துக்கு மேலே, உடம்பை நோக்கி நான்கு விரல் தள்ளிச் சுற்றுங்கள். முட்டியோ முழங்கையோ குறுக்கே வந்தால் அதையும் தாண்டி மேலே. ஒரு முடிச்சு போட்டு, அதன் மேல் மெஷினோடு வரும் ஸ்பேனரை வையுங்கள். அதன் மேல் இன்னொரு முடிச்சு. இனி ஸ்பேனரைத் திருக வேண்டும், ரத்தம் நிற்கும்வரை. ஸ்பேனர் இல்லையென்றால் கட்டை விரல் பருமனில் உறுதியான குச்சி. நின்றதும் ஸ்பேனர் திரும்பாதபடி இன்னொரு துணியால் கட்டிவிடுங்கள்.

கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். வலி தாங்கவில்லை என்று கெஞ்சினாலும் வழியில் தளர்த்தாதீர்கள். அதை அவிழ்ப்பது மருத்துவர் வேலை. பாதி இறுக்கிய கட்டு, கட்டாததைவிட மோசம்: ரத்தம் உள்ளே போகும், திரும்பி வர வழியில்லாமல் காயம் வழியாக இன்னும் கொட்டும்.

### தொடை இடுக்கு, அக்குள், கழுத்து

இங்கே கட்ட முடியாது. துணியைத் திணித்து அமுக்குவது ஒன்றுதான். கழுத்தில் காயத்தின் மேல் மட்டும் அமுக்குங்கள், மூச்சுக்குழாயை நெரிக்காமல். கையை எடுக்காமல் அப்படியே ஆஸ்பத்திரி வரை போக வேண்டும். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரிப் பக்கம் என்றால் கோரிமேட்டில் ஜிப்மர்.

### ரத்தம் நின்றது, ஆனால் ஆள் வெளுக்கிறார்

உதடு வெளுப்பது, குளிர்ந்த வேர்வை, வேகமான மெல்லிய நாடி, “தண்ணி, தண்ணி” என்று கேட்பது. உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். படுத்தே இருக்கட்டும், கைலியோ போர்வையோ போர்த்துங்கள். சோடா, டீ, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறி மூச்சுக்குழாயில் போய்விடும். தாகத்தோடு கேட்பவருக்குத் தண்ணீர் மறுப்பது மனசுக்குக் கஷ்டம்தான். உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

## விரல் துண்டாகிவிட்டது

ஆளின் ரத்தத்தை நிறுத்துவது முதலில், விரலைத் தேடுவது அடுத்தது. மரத்தூளுக்குள் கிடக்கும், விடாமல் தேடுங்கள். கிடைத்ததும் தண்ணீரில் லேசாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது, பட்டால் சதை உறைந்து வீணாகிவிடும். அடிபட்டவர் போகும் வண்டியிலேயே பையும் போகட்டும். ஒட்டவைக்க முடியுமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார், ‘இது நசுங்கிப்போச்சு’ என்று நீங்களே தூக்கி எறியாதீர்கள்.

## கண்ணில் தூள் விழுந்தது

கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊற்றிக் கழுவுங்கள். பத்து நிமிடத்தில் போகவில்லை, பார்வை மங்குகிறது, அல்லது இரும்பு மாதிரி ஏதோ தெறித்தது என்றால் கண் மருத்துவரிடம் போங்கள். கடலூர்–புதுச்சேரி ரோட்டில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சிராய் குத்தி நிற்கிறது என்றால் பிடுங்காதீர்கள், கழுவவும் வேண்டாம். பேப்பர் டீ கப்பைக் கண்ணில் படாமல் கவிழ்த்து மேலே ஒட்டி, மறு கண்ணையும் துணியால் மூடுங்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும்.

## சைலன்சரில் சுட்டுக்கொண்டார்

ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பேஸ்ட், இங்க், மாவு வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

## மரத்திலிருந்து விழுந்தார், அல்லது கிளை மேலே விழுந்தது

நான்கு பேர் சேர்ந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்குவதைத் தடுங்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்றால் அசைக்காமல், ஒருவர் தலையை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு 108 வரும்வரை இருக்க வேண்டும். அசைத்தே ஆக வேண்டும், மேலே இன்னொரு கிளை தொங்குகிறது என்றால், தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி எல்லோரும் சேர்ந்து உருட்டி, பலகையிலோ கதவிலோ ஏற்றுங்கள்.

ஆள் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

## ஆக்சிலேட்டரை விட்டும் செயின் ஓடுகிறது

என்னிடம் வந்தவர்களில் இடது முட்டிக்கு மேலே வெட்டுப்பட்டவர்கள் அதிகம், பலருடைய கதை இங்கேதான் தொடங்கியது. கிளையை அறுத்துவிட்டு ஆக்சிலேட்டரை விடுகிறார். செயின் நின்றுவிட்டது என்ற நினைப்பில் மெஷினை வலது கையில் தொங்கவிட்டு, இடது கையால் கிளையை இழுக்கிறார். மெஷின் தொடைப்பக்கம் சாய்கிறது. கைலி சுற்றிக்கொள்கிறது. ஜீன்ஸும் காப்பாற்றாது. வெட்டு தாங்கும் கால்சட்டை என்று தனியாக விற்கிறது, அதன் உள்ளே இருக்கும் நீள இழைகள் செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் சிக்கி செயினை நிறுத்திவிடும். மெஷின் வாங்கும்போதே அதையும் வாங்குங்கள்.

செலவில்லாத சோதனையிலிருந்து போவோம். சோக் லீவர் பாதியில் நிற்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் செய்தபின் ஆக்சிலேட்டரை ஒருமுறை அழுத்தி விட்டால் அது தன் இடத்துக்குப் போக வேண்டும். போயும் செயின் ஓடினால், ஆக்சிலேட்டர் லீவருக்கு அடியில் மரத்தூள் அடைத்திருக்கிறதா என்று பிரஷ்ஷால் தட்டிப் பாருங்கள். அடுத்தது ஐட்லிங் ஸ்க்ரூ, அதாவது ஆக்சிலேட்டரை விட்டபின் இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்க்ரூ. எல்ஏ அல்லது டி என்று எழுதியிருக்கும். கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். செயின் நின்று இன்ஜின் ஓடினால் வேலை முடிந்தது.

செயின் நிற்பதற்குள் இன்ஜினே அணைந்துவிடுகிறது என்றால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்க்ரூவைத் திருப்பியும் இன்ஜின் வேகம் தானாக ஏறி இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது, ஆயில் சீல் வரை பிரித்துப் பார்க்க வேண்டும். இதுதான் இருப்பதில் பெரிய செலவு. அந்த நிலையில் மெஷினை இன்னொருவருக்கு இரவலும் கொடுக்காதீர்கள்.

## செயின் பிரேக் பிடிக்கவில்லை

முன்பக்கக் கைத்தடுப்பை வெறும் பிளாஸ்டிக் மூடி என்று நினைத்துக் கழற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. அதுதான் பிரேக்கின் நெம்புகோல். தினமும் வேலைக்கு முன், மெஷினை இரண்டு கையாலும் பிடித்துச் செயினை ஓடவிட்டு, இடது மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ளுங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். அடுத்து இன்ஜினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, மரக்கட்டைக்கு ஒன்றரைச் சாண் மேலே மெஷினைப் பிடித்து முன்கையை மட்டும் விடுங்கள். பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனி கட்டையில் இடித்ததும் பிரேக் தானாக விழ வேண்டும்.

விழாவிட்டால் சைடு கவரைக் கழற்றி, ஆயிலில் ஊறிய மரத்தூளைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். என் அனுபவத்தில் பாதி இதிலேயே சரியாகும். சரியாகவில்லை என்றால் பிரேக் பட்டை தேய்ந்திருக்கும். அதை வீட்டில் தட்டி வளைத்துச் சரிசெய்ய வேண்டாம், கடை வேலை அது.

## மெஷின் முகத்தை நோக்கி எகிறுகிறது

பார் நுனியின் மேல் கால்பாகம் எதில் பட்டாலும் மெஷின் பின்னால் துள்ளும். கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது. முதலில் பிடியைப் பாருங்கள்: இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும், முகம் பாருக்கு நேராக இருக்கக் கூடாது. தோளுக்கு மேலே தூக்கி அறுப்பது, ஏணியில் நின்று ஒற்றைக் கையில் அறுப்பது இரண்டும் எந்த அவசரத்துக்கும் வேண்டாம். நுனிக்குப் பின்னால் இன்னொரு கிளை மறைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு அறுப்புக்கும் முன் பார்க்க வேண்டும்.

பிடி சரியாக இருந்தும் எகிறினால் செயினைப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கும். அது பல்லைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். வேகமாக அறுக்கட்டும் என்று அதை அளவில்லாமல் ராவிவிடுகிறார்கள். அப்போது பல் மரத்தை அளவுக்கு மேல் கடித்து உதைக்கும். அப்படி ராவிய செயினுக்கு வைத்தியம் இல்லை, மாற்றிவிடுங்கள்.

## செதில் வராமல் மாவு வருகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது

மாவு மாதிரித் தூள் வந்தால் செயின் மொக்கை. மொக்கைச் செயினை அமுக்கித்தான் அறுக்க வேண்டும், அமுக்குகிற ஆள் மரம் விட்டதும் முன்னால் விழுவார். ரவுண்டு அரம் சரியான அளவில் வேண்டும்: 3/8 இன்ச் லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர், .325 இன்ச் செயினுக்கு 4.8. இழுக்கிறது என்றால் ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்கும், எல்லாவற்றையும் குட்டையான பல்லின் அளவுக்கு ராவுங்கள். அப்படியும் இழுத்தால் பார் தேய்ந்துவிட்டது.

கடற்கரைச் சவுக்குத் தூரில் மணல் அப்பியிருக்கும், தட்டிவிட்டு அறுங்கள். ரோட்டோரப் புளியமரத்தில் விளம்பரத் தட்டி அடித்த ஆணிகள் உள்ளேயே புதைந்திருக்கும். தீப்பொறி தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

## செயின் கழன்றுகொள்கிறது, பாரில் புகை வருகிறது

இன்ஜினை அணைத்து, கையுறை போட்டு, பாருக்கு அடியில் செயினைப் பாருங்கள். தொங்கக் கூடாது, கையால் இழுத்தால் ஓட வேண்டும். சூட்டில் இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்துங்கள், ஆறும்போது சுருங்கும். இறுக்கியும் கழன்றால் ஸ்பிராக்கெட் தேய்ந்திருக்கும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் என்பது நல்ல கணக்கு.

புகைக்கு ஆயில்தான் காரணம். பழைய பேப்பரை விரித்து, பார் நுனியை அதன் மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து வேகம் கொடுங்கள். ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் டேங்கில் ஆயில் இருக்கிறதா, பாரின் ஆயில் ஓட்டையும் பள்ளமும் அடைத்திருக்கிறதா, கடைசியாக ஆயில் பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள்.

## விரல் வெளுத்து மரத்துப்போகிறது

காலையில் டம்ளர் பிடிக்கும்போது விரல் நுனி வெள்ளையாகிக் குறுகுறுக்கிறதா? அதிர்வுதான் காரணம். மொக்கைச் செயினை மாற்றுங்கள், கைப்பிடி ரப்பர் புஷ்ஷோ ஸ்பிரிங்கோ உடைந்திருக்கிறதா பாருங்கள், நாளுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறீர்கள் என்று கணக்குப் பாருங்கள். ஓய்வெடுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முற்றினால் சரியாகாது.

## பார் மரத்தில் மாட்டிக்கொண்டது

அணையுங்கள். ஓட விட்டுப் பிடுங்காதீர்கள். அறுப்பு வாயில் மரத்தாலான அல்லது பிளாஸ்டிக் ஆப்பு அடியுங்கள், இரும்பு ஆப்பு செயினைக் கெடுக்கும். வரவில்லை என்றால் பார் நட்டுகளைக் கழற்றி மெஷினை மட்டும் எடுத்துவிட்டு, வேறு மெஷினால் ஒன்றிரண்டு அடி தள்ளி அறுங்கள்.

மாட்டாமலிருக்க, மரம் எங்கே அமுங்கியிருக்கிறது, எங்கே இழுபட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தாங்கி நடுவில் பாலம் போல் கிடந்தால் மேலே அமுக்கம்: மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் கீழிருந்து. ஒரு முனை தொங்கினால் தலைகீழ்: முதலில் கீழிருந்து, அப்புறம் மேலிருந்து. பக்கவாட்டில் வில்லாக வளைந்திருந்தால் வளைவின் உட்பக்கம் நில்லுங்கள். வெளிப்பக்கம் நின்றவரைத்தான் அது அடிக்கும்.

## மரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது

அடிமரத்தை அறுத்ததும் மண்ணோடு நிமிர்ந்து நிற்கும் வேர்ச்சுவர் திரும்பிக் குழிக்குள் விழும், அல்லது உங்கள் பக்கம் புரளும். குழிக்குள் பிள்ளைகளோ ஆடோ இல்லை என்று கண்ணால் பார்க்காமல் மெஷினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சின்ன மரம் என்றால் தூரோடு ஓர் ஆள் உயரம் விட்டு, பக்கவாட்டில் நின்று அறுங்கள். வேர்ச்சுவர் உங்களைவிட உயரம் என்றால் ஜேசிபி பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அறுக்க வேண்டும்.

## சாய்ந்த மரம் இன்னொன்றில் மாட்டி நிற்கிறது

தாங்கும் மரத்தை அறுக்காதீர்கள், அடியில் போகாதீர்கள். நீளக் கயிற்றில் டிராக்டர் கட்டி, மரத்தின் நீளத்துக்கும் அப்பால் நின்று இழுக்கத் தெரிந்த ஆள் வரட்டும்.

## கிளையில் கரண்ட் கம்பி கிடக்கிறது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த மறுநாள், ஒரு தெருவில் கரண்ட் இல்லை என்ற தைரியத்தில் கம்பி மேல் கிடந்த வேம்பை அறுக்கப் போனார்கள். இரண்டு வீடு தள்ளி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இணைப்பு சரியில்லாத ஜெனரேட்டரிலிருந்து கம்பிக்குக் கரண்ட் திரும்பி ஏறலாம். கெஞ்சித்தான் நிறுத்தினேன். ஈர மரமும் கரண்டைக் கடத்தும், கம்பியில் கையே வைக்காவிட்டாலும் அடிக்கும். பத்து மீட்டருக்குள் யாரும் வராமல் கயிறு கட்டி, தமிழ்நாட்டுப் பகுதி என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். புதுச்சேரியில் அங்குள்ள மின்துறைக்கு. லைன்மேன் வந்து இணைப்பைத் துண்டித்து, எர்த் செய்து, அறுக்கலாம் என்று அவர் வாயால் சொல்லும்வரை மெஷின் டிக்கியிலேயே இருக்கட்டும்.